கட்டிங் மாஸ்டர் எழுதிய குறிப்பேடு

அந்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர்கள் எல்லோரும் ஆண்கள். இரண்டாவது தளத்தில் மட்டும் ஒரு பெண். பதினாறு வயதில் பிசிறு நூல் நறுக்கும் வேலைக்குச் சேர்ந்து, முப்பதாவது வயதில் வெட்டு மேசைக்கு வந்தவள். அறுபது அடுக்குத் துணியை விரித்து, மேலே காகித அச்சை வைத்து, மின்கத்தியை ஓட்டினாள் என்றால் மேலடுக்கும் கீழடுக்கும் ஓர் இழை பிசகாது. தொழிற்சாலையில் "மாஸ்டர்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே வீட்டிலும் பெயராகிவிட்டது. அக்காவுக்குக் கோபம் வந்தால்கூட, "மாஸ்டர் மகாராணி இன்னும் எந்திரிக்கலையா?" என்றுதான் கேட்பாள்.

முப்பத்தாறாவது வயதில் ஒரு நாள், துணிக் கிடங்கில் அடியில் கிடந்த ரோலின் நிறச் சீட்டைப் பார்க்கக் குனிந்து உட்கார்ந்தாள். மேலே அடுக்கியிருந்த ரோல்கள் சரிந்தன. ஒவ்வொன்றும் ஒரு ஆள் கனம். இரண்டு அவள் முதுகில் விழுந்தன. வலித்ததாக நினைவில்லை. ஓடி வந்து ரோல்களைப் புரட்டித் தள்ளிய சுமைக்காரரிடம், "என் கால் எதுலயோ மாட்டியிருக்கு, எடுத்து விடுங்க" என்றாள்.

அவர் குனிந்து பார்த்தார். "எதுலயும் மாட்டலையே மாஸ்டர்" என்றார்.

தொப்புளுக்குக் கீழே உணர்ச்சி போனது போனதுதான். மறுவாழ்வு மருத்துவமனையில் ஐந்து மாதம் இருந்து மறுபடி எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறுவது, சிறுநீருக்குக் குழாய் போட்டுக்கொள்வது, அரை மணிக்கு ஒரு தடவை கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்குவது. தினமும் காலையில் தோலைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தார்கள். அழுத்தம் பட்ட இடம் சிவந்திருந்தால் விரலால் அமுக்கிப் பார்க்க வேண்டும். வெளுத்தால் பயமில்லை. வெளுக்காவிட்டால் அந்தப் பக்கம் உட்காரவே கூடாது.

அக்காவும் அத்தானும் தங்கள் வீட்டு முன்னறையை ஒழித்துக் கொடுத்தார்கள். அக்கா ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். அத்தான் பேருந்து ஓட்டுநர், அதிகம் பேசாதவர். வாசற்படிக்கு அவரே சிமெண்டு குழைத்துச் சாய்தளம் கட்டினார். அது செங்குத்தாக அமைந்துவிட்டது. முதல் நாள் சக்கர நாற்காலி அதில் இறங்கிய வேகத்தைப் பார்த்து அவரே வண்டியின் பின்னால் ஓடினார். "பஸ்ஸுக்கு மட்டும்தான் பிரேக் போடத் தெரியும் இவருக்கு" என்றாள் அக்கா. பிறகு உடைத்து மறுபடி கட்டினார்.

இப்படி நான்கு வருஷம் போனது. அதற்கப்புறம்தான் அந்த ஆய்வு வந்தது.

தண்டுவடம் அடிபட்டவர்கள் வீடு திரும்பிய பிறகு எப்படி வாழ்கிறார்கள் என்று இரண்டு வருஷம் பின்தொடர்ந்து பார்க்கும் ஆய்வு. மறுவாழ்வு மருத்துவமனையில் பரிசோதனைக்குப் போனபோது சேர விருப்பமா என்று கேட்டார்கள். பதினோரு பக்க ஒப்புதல் படிவம். அக்கா பொறுமையில்லாமல் புரட்டினாள். மாஸ்டர் மட்டும் வரி வரியாகப் படித்துக் கையெழுத்துப் போட்டாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒருவர் வீட்டுக்கு வந்து பேட்டி எடுப்பார். நடுவில் தினமும் ஒரு குறிப்பேட்டை நிரப்பி மாதாமாதம் தபாலில் அனுப்ப வேண்டும்.

பேட்டி எடுக்க வந்தவள் இருபத்தைந்து இருபத்தாறு வயதுப் பெண். அவள் போன பிறகு அக்கா, "கேள்விக்காரி போயாச்சா?" என்று கேட்டாள். அதிலிருந்து அந்த வீட்டில் அவள் கேள்விக்காரிதான்.

முதல் நாள் அவள் பதிவுக் கருவியை மேசைமேல் வைத்து, "காலையில கண்ணு முழிச்சதுலேருந்து என்னென்ன நடக்குதுன்னு சொல்லுங்க. எனக்கு அவசரம் இல்ல" என்றாள்.

நான்கு வருஷத்தில் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. பார்க்க வருகிறவர்கள் "எப்படி இருக்கே?" என்பார்கள். இவள் வாயைத் திறப்பதற்குள் "நல்லா தெம்பாத்தான் இருக்கே" என்று அவர்களே பதிலும் சொல்லி முடித்துவிடுவார்கள். மாஸ்டர் அன்று இரண்டு மணி நேரம் பேசினாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் அக்கா கையுறை மாட்டிக்கொண்டு மலத்தை எடுத்து இவள் குடலைக் காலி செய்துவிடுவதைக்கூடச் சொன்னாள்.

"அப்ப ரெண்டு பேரும் மூஞ்சியப் பாத்துக்க மாட்டோம். அக்கா பள்ளிக்கூடக் கதை சொல்லுவா. எந்த டீச்சருக்கும் எந்த டீச்சருக்கும் சண்டைன்னு. என் வயிறு ஒழுங்கா போகணும்னா அங்க வாரத்துக்கு மூணு சண்டையாவது நடந்தாகணும்."

கேள்விக்காரி சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். "சிரிங்க, அதுக்குத்தான் சொன்னேன்" என்றாள் மாஸ்டர்.

கிளம்பும்போது கேள்விக்காரி குறிப்பேட்டை விளக்கினாள். எத்தனை மணி நேரம் உட்கார்ந்தீர்கள், சிறுநீர், வலி, தோல், மனநிலை என்று பத்திகள். மனநிலைக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண். கடைசியில் "குறிப்பு" என்று ஒரு காலி இடம்.

"இதுதான் எங்களுக்கு ரொம்ப முக்கியம். ஒரு வரி விடாம படிப்போம்" என்றாள்.

அதைச் சொன்னபோது அவள் பொய் சொல்லவில்லை. எப்போது படிப்பார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. மாஸ்டரும் கேட்கவில்லை.

வெட்டு மேசையில் இருந்த கை அது. குறிப்பேட்டையும் அப்படியே எழுதினாள். "நாலு மணி" என்று எழுத மாட்டாள். "மூன்று மணி ஐம்பது நிமிடம்" என்று எழுதுவாள். மனநிலைக்கு நாலு போடுவதா ஐந்து போடுவதா என்று யோசித்துப் பேனாவைக் கடித்துக்கொண்டிருப்பாள். மாதக் கடைசியில் உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தால், அக்கா வேலைக்குப் போகும் வழியில் தபால் பெட்டியில் சேர்ப்பாள்.

இரண்டாம் வருஷத் தொடக்கத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன.

தெருமுனைத் தையற்கடைக்காரர் தேடி வந்தார். ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைக்கும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. வெட்டுவதற்கு ஆளில்லை. "நீங்க வீட்டுலேயே வெட்டிக் கொடுத்தா போதும் மாஸ்டர். துணிய நான் கொண்டாந்து போட்டுடறேன்." அத்தான் சாப்பாட்டு மேசையின் கால்களை அறுத்து உயரம் குறைத்தார். ஐந்து வருஷத்துக்குப் பிறகு அவள் கையில் கத்தரிக்கோல் ஏறியது. அன்றைக்குக் குறிப்பேட்டில் மனநிலைக்கு எட்டு போட்டாள். அதுவரை ஐந்தைத் தாண்டியதில்லை.

அடுத்தது ஒரு சின்னச் சண்டை. தினமும் காலையில் தோலைப் பார்ப்பது அக்காவின் வேலையாக இருந்தது. ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் அக்கா, "உன் பின்பக்கத்தப் பாத்துட்டுத்தான் நான் மூஞ்சியே கழுவுறேன். இதுவே பொழப்பா போச்சு" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். மாஸ்டருக்குச் சுருக்கென்று தைத்தது.

"நாளையிலேருந்து நானே பாத்துக்கறேன். கண்ணாடி இருக்குல்ல."

"ஏய், சும்மா சொன்னேன்டி."

"நானும் சும்மாதான் சொல்றேன்."

ஆனால் மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு கைக்கண்ணாடியில் தானே பார்த்தாள். குடலைக் காலி செய்வதையும் அதிலிருந்து தானே செய்துகொண்டாள். அக்கா இரண்டு நாள் கதவைத் தட்டினாள். அப்புறம் விட்டுவிட்டாள்.

கேள்விக்காரி அந்த மூன்று மாதப் பேட்டிக்கு வந்துபோன மறுவாரம், இடது பக்கம் உட்காரும் எலும்பின்மேல் ஒரு சிவப்பு தெரிந்தது. மாஸ்டர் விரலால் அமுக்கினாள். வெளுக்கவில்லை. அளவு நாடாவை எடுத்துக் கண்ணாடியில் பார்த்து அளந்தாள். தோல் என்ற பத்தியில் எழுதினாள்: "இடது எலும்பின் மேல் சிவப்பு. அரை அங்குலம். அழுத்தினால் வெளுக்கவில்லை."

அவளுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. அன்றே நாற்காலியை விட்டு இறங்கிக் குப்புறப் படுத்திருக்க வேண்டும். ஆனால் மேசைமேல் இருநூற்று நாற்பது சட்டைக்கான துணி கிடந்தது. பள்ளி திறக்க ஆறு வாரம். அக்காவிடம் சொன்னால் அந்த நிமிடமே துணி மூட்டை கடைக்குத் திரும்பிப் போயிருக்கும். அவள் ஒரு கணக்குப் போட்டாள். நான்தான் எழுதி அனுப்புகிறேனே, படித்தவர்கள் பார்க்கிறார்கள், விபரீதம் என்றால் ஃபோன் வரும்.

ஃபோன் வரவில்லை. அப்படியென்றால் விபரீதமில்லை.

ஏழாம் நாள்: "முக்கால் அங்குலம். மேல்தோல் உரிந்திருக்கிறது." பதினான்காம் நாள்: "ஒன்றேகால் அங்குலம். நடுவில் கருப்பு." நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்து வெட்டினாள். கைகளை ஊன்றி எழும்புவதற்குக் கத்தரிக்கோலைக் கீழே வைக்க வேண்டும். வைத்தால் கோடு தப்பும். பாதி நாள் எழும்பவே இல்லை. மாதக் கடைசியில் குறிப்பு என்ற காலி இடத்தில் முதல் தடவையாக ஒரு கேள்வி எழுதினாள். "இது தானாக ஆறுமா?" உறையை ஒட்டி அக்காவிடம் கொடுத்தாள். அக்கா அதைத் தபால் பெட்டியில் போட்டாள்.

அடுத்த மாதத் தாளில் இரண்டாம் நாளே எழுதினாள்: "துர்நாற்றம் வருகிறது. பார்ப்பவர்கள் சொல்லவும்." அந்தத் தாளுக்கு மாதக் கடைசி வரை காத்திருக்கவில்லை. தனி உறையில் போட்டு அன்றே அனுப்பினாள்.

முப்பத்தெட்டாம் நாள் சாயங்காலம் அக்கா வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே முகத்தைச் சுளித்தாள். "என்ன நாத்தம் இது?" முன்னறைக்குள் வந்தாள். தங்கை மேசைமேல் தலைசாய்ந்து கிடந்தாள். நெற்றி கொதித்தது. இருநூற்று நாற்பதில் இருநூற்றுப் பதினொன்று வெட்டி, அளவு வாரியாகக் கட்டி வைத்திருந்தது.

மருத்துவமனையில் புண்ணைச் சோதித்த மருத்துவர் கையுறையைக் கழற்றியபடி கேட்டார். "எலும்பு வரைக்கும் போயிருக்கு. எத்தனை நாளா இருக்கு?"

"முப்பத்தெட்டு நாள்" என்றாள் மாஸ்டர்.

"இவ்வளவு கரெக்டா தெரிஞ்சிருக்கு. ஏன் வரல?"

"எழுதி அனுப்பிட்டுத்தாங்க இருந்தேன்."

"யாருக்கு?"

மாஸ்டர் பதில் சொல்லும் முன் அக்காவைப் பார்த்தாள். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எலும்பைச் சுரண்டி, தொடைச் சதையை எடுத்து மூடினார்கள். முதல் முறை சதை ஒட்டவில்லை. மறுபடி செய்தார்கள். நான்கு மாதம் குப்புறப் படுக்கை. அக்கா சம்பளமில்லாத விடுப்பு எடுத்தாள். முதல் பதினைந்து நாள் தங்கையோடு தேவைக்குமேல் பேசவில்லை. ஒரு மத்தியானம் கஞ்சியை ஸ்பூனால் ஊட்டும்போது கீழே சிந்தியது. துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"முகம் தெரியாத ஆளுக்கெல்லாம் எழுதத் தெரிஞ்சுது உனக்கு. பக்கத்து ரூம்ல இருக்கற எங்கிட்டச் சொல்லத் தெரியல."

"நீ நிறுத்திடுவேன்னுதான்."

"ஆமா. நிறுத்தியிருப்பேன்." அக்கா கிண்ணத்தை வைத்தாள். "நான்தானேடி அந்தக் கவரெல்லாம் கொண்டுபோய்ப் போட்டேன். ஒரு நாள் பிரிச்சுப் பாத்திருக்கலாம். அடுத்தவங்க கடுதாசியப் பிரிக்கக் கூடாதுன்னு நாகரிகம் பாத்தேன்."

கேள்விக்காரிக்கு அடுத்த பேட்டிக்கு நாள் குறிக்க ஃபோன் செய்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வார்டுக்கு வந்தாள். குப்புறப் படுத்திருப்பவளின் முகம் கட்டில் விளிம்பில் தரையைப் பார்த்து இருந்ததால், அவளும் தரையில் உட்கார்ந்தாள். பதிவுக் கருவி கொண்டு வரவில்லை.

"மாஸ்டர், உங்க கவரெல்லாம் ஆபீஸ்ல பீரோவுல இருக்கு. நேத்து போய்ப் பாத்தேன்."

"என்ன எழுதியிருக்கேன்னு பாத்தீங்களா?"

"நேத்துதான் பாத்தேன். அதுவரைக்கும் ஒண்ணையும் பிரிக்கல. யாரோடதையும் பிரிக்கல. ரெண்டு வருஷம் முடிஞ்சு எல்லாத்தையும் மொத்தமா டைப் பண்ணணும்னு திட்டம். நடுவுல படிச்சா எங்க கேள்விகள் மாறிடும்னு ஒரு விதி."

தரையில் ஓர் எறும்பு போனது. மாஸ்டர் அது கட்டில் காலைச் சுற்றிப் போகும்வரை பார்த்தாள்.

"அப்ப நான் இது ஆறுமான்னு கேட்டேனே, அது யாருகிட்டங்க கேட்டேன்?"

கேள்விக்காரி அழுதாள். மாஸ்டருக்கு ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை. கையை நீட்டினால் எட்டும் தூரம்தான். நீட்டவில்லை.

அடுத்த வாரம் ஆய்வை நடத்தும் பேராசிரியர் ஒரு பை ஆப்பிளோடு வந்தார். அவர் தரையில் உட்காரவில்லை. ஆகவே அவருடைய காலணிகள் மட்டுமே தெரிந்தன. நன்றாகப் பாலிஷ் போட்டிருந்தன. படிவத்தின் ஒன்பதாம் பக்கத்தில், குறிப்பேடு சிகிச்சைக்கானது அல்ல என்று ஒரு வரி இருப்பதைத் தணிந்த குரலில் நினைவுபடுத்தினார். மாஸ்டருக்கு அந்த வரி ஞாபகம் இருந்தது. அது மருந்துச் சீட்டு எழுதமாட்டோம் என்று சொல்வதாக அன்றைக்கு நினைத்திருந்தாள்.

"நீங்க விரும்பினா விலகிக்கலாம். உங்க தகவல் எல்லாத்தையும் அழிச்சிடுவோம். அது உங்க உரிமை" என்றார்.

"அழிச்சா என் புண்ணும் சேந்து அழியுமா சார்?"

அவர் காலணிகள் இடம் மாறின.

"இருக்கட்டும். கஷ்டப்பட்டு எழுதினது. வச்சுக்குங்க" என்றாள்.

ஒரு வருஷம் கழித்து முடிவுகளைப் பங்கேற்றவர்களுக்குச் சொல்லும் கூட்டம் என்று அழைப்பு வந்தது. அதற்குள் அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். ஆனால் ஒட்டிய சதை மெல்லிசு. ஒரு நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்குமேல் உட்காரக் கூடாது, வாழ்நாள் முழுக்க அப்படித்தான் என்று சொல்லிவிட்டார்கள். சீருடை வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது. "போக வேணாம். போய் என்ன ஆகப் போவுது?" என்றாள் அக்கா. மாஸ்டர் போனாள். அத்தான் விடுப்பெடுத்துக் கூட்டிப் போனார்.

மண்டபத்தில் சாய்தளம் சரியாக இருந்தது. சக்கர நாற்காலிகள் முன்வரிசையில் நின்றன. பேராசிரியர் திரையில் படங்கள் காட்டினார். நடுவில் ஒரு படம் வந்தது. கோடுபோட்ட தாள், நீல மையில் சின்னச் சின்ன நேரான எழுத்து. அரை அங்குலம். முக்கால் அங்குலம். ஒன்றேகால்.

"பங்கேற்பாளர் இருபத்து மூன்று. ஒரு படுக்கைப் புண் வீட்டுச் சூழலில் நாளுக்கு நாள் எப்படி வளருதுங்கறதுக்கு இவ்வளவு துல்லியமான பதிவை நாங்க எங்கேயும் பாத்ததில்ல. இந்த ஆய்வோட மிக மதிப்புள்ள தகவல்னு இதைச் சொல்லலாம்."

யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். அத்தான் பக்கத்தில் குனிந்து, "போயிடலாமா?" என்றார். அவள் மண்டபத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். உட்கார்ந்து ஒரு மணி பத்து நிமிடம் ஆகியிருந்தது. கேள்வி நேரத்துக்கு இன்னும் அரை மணி. காத்திருந்தாள்.

ஒலிவாங்கி கைக்கு வந்ததும், "இருபத்து மூணு நான்தான்" என்றாள். "என் எழுத்த நல்லா இருக்குன்னு சொன்னதுக்குச் சந்தோஷம். அன்னிக்கு ஒருத்தர் அத வாசிச்சிருந்தா அது அரை அங்குலத்துல நின்னிருக்கும். உங்களுக்கு இந்தப் படம் கெடச்சிருக்காது. இதுல எது சார் மதிப்பு?"

"மிக நல்ல கேள்வி" என்று பேராசிரியர் ஆரம்பித்தார். அவர் முடிக்கும்போது அவள் உட்கார்ந்து ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. பதில் வந்ததா இல்லையா என்று அத்தானுக்கும் தெரியவில்லை.

அந்தக் கேள்வியால் ஒன்று நடந்தது. அடுத்து தொடங்கப்போகும் ஆய்வின் குறிப்பேட்டில், முதல் பக்கத்தில் ஓர் எச்சரிக்கை சேர்ப்பதென்று முடிவானது. எளிய மொழியில் இருக்க அவளையே எழுதித் தரும்படி கடிதம் வந்தது. அவர்கள் எழுதியிருந்த நகல் இப்படி இருந்தது: "இக்குறிப்பேட்டில் பதியப்படும் விவரங்கள் உடனடி மருத்துவக் கவனத்துக்கு உட்படுத்தப்பட மாட்டா." மாஸ்டர் அதை அடித்துவிட்டு எழுதினாள்:

"இதை இப்போது யாரும் படிக்க மாட்டார்கள். உடம்புக்கு ஏதாவது என்றால் எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். வீட்டில் இருப்பவரிடம் சொல்லுங்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்."

கேள்விக்காரி ஃபோன் செய்தாள். முதல் வாக்கியம் கடுமையாக இருப்பதாகவும், படித்தால் யாரும் ஆய்வில் சேர மாட்டார்கள் என்றும் ஆய்வுக் கமிட்டியில் சொல்கிறார்களாம். தான் வாதாடிப் பார்த்ததாகவும் சொன்னாள். தான் அந்த வேலையை விட்டுப் போகப் போவதையும் அப்போதுதான் சொன்னாள். "உடம்பப் பாத்துக்குங்க" என்றாள் மாஸ்டர். இவ்வளவு நாளில் அவளுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னது அன்றுதான்.

அச்சான குறிப்பேட்டின் பிரதி ஒன்று தபாலில் வந்தது. கருப்புக் கட்டத்துக்குள் பெரிய எழுத்து. முதல் வாக்கியம், "இதை உடனுக்குடன் படிக்க இயலாது" என்று மாறியிருந்தது. மற்றதெல்லாம் அவள் எழுதியபடியே இருந்தது. கூடவே, அனுபவமுள்ள பங்கேற்பாளர் என்ற முறையில் புதிய ஆய்விலும் சேருமாறு ஓர் அழைப்பும், பதின்மூன்று பக்கப் படிவமும்.

அக்கா கட்டத்துக்குள் இருந்ததை இரண்டு தடவை படித்தாள். "இத எழுதத் தெரியுது, கட்டம் போடத் தெரியுது, அச்சடிக்கத் தெரியுது. வாரத்துக்கு ஒரு தடவ ஒரு ஆளு உக்காந்து வாசிக்கறதுக்கு மட்டும் முடியாதாமா?"

"விதி இருக்காம்" என்றாள் மாஸ்டர்.

அவள் புதிய ஆய்வில் சேரவில்லை. படிவத்தைத் திருப்பி அனுப்பவும் இல்லை. அதன் பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் ரவிக்கை அளவு வரைய எடுத்துக்கொண்டாள். இப்போது காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் உட்காருகிறாள். அதற்குள் அக்கம்பக்கத்தாருக்கு ஒன்றோ இரண்டோ துணி வெட்டிக் கொடுக்கிறாள். மீதி நேரம் குப்புறப் படுத்திருக்கிறாள். தோலை மறுபடியும் அக்காதான் பார்க்கிறாள். பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல" என்பாள். மாஸ்டருக்கு அது சரியாகத்தான் படுகிறது. ஆனாலும் சில நாள், "நல்லா பாத்தியா?" என்று கேட்கிறாள். அக்கா கோபப்படாமல் மறுபடி குனிகிறாள்.